தவக்காலத்து ஆர்சனிக்

அப்பாவின் சிறுநீர்ப் பரிசோதனை முடிவு என் போனுக்கு வந்தபோது பள்ளிக்கூட ஆய்வுக்கூடத்தில் பிப்பெட் கழுவிக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் அப்போதுதான் போயிருந்தார்கள். மேசையெல்லாம் காப்பர் சல்பேட் நீலம். கையைச் சட்டையிலேயே துடைத்துவிட்டுத் திறந்தேன். ஈயம், சரி. பாதரசம், சரி. அடுத்த வரி தடித்த எழுத்தில் இருந்தது, பக்கத்தில் மேலே பார்த்த அம்புக்குறி. ஆர்சனிக். இருக்கலாம் என்று போட்டிருந்த அளவுக்குப் பல மடங்கு மேலே.

என் தலைக்கு மேல் சுவரில் தனிம அட்டவணை தொங்குகிறது. அதைத் தூசி தட்டுவதும் என் வேலைதான். பாஸ்பரசுக்கு நேர் கீழே ஆர்சனிக்கின் கட்டம். அன்றுவரை அது துணியால் துடைக்கிற ஒரு கட்டம், அவ்வளவுதான். அன்று முதல் அது அப்பாவின் உடம்புக்குள் இருந்தது.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் படித்த முதல் ஆள் நான். வேதியியலில் பட்டம் வாங்கி, கோடைக்கானலில் ஒரு பள்ளியில் ஆய்வுக்கூட உதவியாளனாக இருக்கிறேன். அட்டுவம்பட்டியில் வாடகை அறை. வீடு பேத்துப்பாறையில். வீட்டுக்கு வர வேண்டிய எந்தக் காகிதமானாலும் என் போனுக்குத்தான் வரும். நான் படித்து என்ன சொல்கிறேனோ அதுதான் அதில் எழுதியிருப்பது.

அப்பா எங்கள் மலையிலேயே உள்ளே தள்ளியிருக்கிற போளூரில் ஒரு தோட்டத்தில் வேலை பார்க்கிறார். கேரட்டுக்கும் பூண்டுக்கும் மருந்தடிக்கிற வேலை. முதுகில் தொட்டியைக் கட்டிக்கொண்டு சரிவில் ஏறி இறங்குவார். வாரம் முழுக்க அங்கேயே தங்கி, சமைத்துத் தின்று, சனிக்கிழமை பேத்துப்பாறைக்கு வருவார். பனி விழுகிற மாதங்களிலேயே கால் மரத்துப்போகிறது என்று சொல்ல ஆரம்பித்திருந்தார். "எறும்பு ஊருற மாதிரி கெடக்கு" என்பார். ஒரு நாள் செருப்பு கழன்று விழுந்தது தெரியாமல் பாதித் தோட்டம் நடந்திருக்கிறார். அதைக் கேட்டதும் நான் அவரை டாக்டரிடம் கூட்டிப்போனேன்.

டாக்டரம்மா சர்க்கரை பார்த்தார், இல்லை. மருந்தடிக்கிற ஆள் என்று கேட்டதும் உலோகங்களுக்கு எழுதிக் கொடுத்தார். இங்கே இருந்து மூடிய தெர்மாமீட்டர் பாக்டரியால், பாதரசம் என்ற சொல் எங்கள் மலையில் டீக்கடை வரைக்கும் தெரிந்த சொல். உலோகப் பரிசோதனை என்றால் இங்கே யாரும் விளக்கம் கேட்பதில்லை.

சாம்பிள் கொடுத்த இடத்தில் இருந்தவர் பங்குனி உத்திரத்துக்குப் பழனிக்கு மாலை போட்டிருந்தார். காவி வேட்டி, நெற்றி நிறைய திருநீறு. டப்பாவை வாங்கிக்கொண்டே அப்பாவிடம் கேட்டார்.

"அசைவம் ஏதும் சாப்ட்டீங்களாண்ணே?"

"தவக்காலம்ங்க. தொடுறதில்ல."

"அப்ப நம்ம மாதிரிதான்" என்று மாலையைத் தூக்கிக் காட்டிச் சிரித்தார். அப்பாவும் சிரித்தார். அவர் வீட்டில் மாலை போட்டுவிட்டால் மீன் சட்டியைப் பரணில் ஏற்றிவிடுவார்கள். எங்கள் வீட்டில் தவக்காலம் என்றால் ஆட்டையும் கோழியையும் நிறுத்துவோம், மீன் வண்டியை எதிர்பார்த்து நிற்போம். இரண்டு பேரும் ஒருவரையொருவர் புரிந்துகொண்ட திருப்தியோடு பிரிந்தார்கள். பக்கத்தில் நின்ற எனக்கும் எதுவும் உறுத்தவில்லை.

முடிவைப் பார்த்துவிட்டு டாக்டரம்மாவே கூப்பிட்டார். "அப்பாவ வேலைக்கு அனுப்பாதீங்க தம்பி. மதுரைக்கு எழுதித் தர்றேன். உடம்புல இருக்கறத இழுத்து வெளிய தள்ளுற ஊசி இருக்கு. லேசான ஊசி இல்ல. போட்ட எடம் கடுமையா வலிக்கும், பிரஷர் ஏறும், கிட்னியப் பாத்துப் பாத்துப் போடணும். ஆனா இந்த அளவ வச்சுக்கிட்டு சும்மாவும் இருக்க முடியாது. வீட்ல பேசிட்டு வாங்க."

வீட்டில் பேசுவது என்றால் நான் யோசிப்பது. அவருக்கு அது தெரியாது.

சாயங்காலம் பேத்துப்பாறைக்குப் போனேன். பஸ்ஸில் உட்கார முடியவில்லை, இடம் இருந்தும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே போனேன். அப்பா வாசல் கல்லில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

"ஏலே, என்ன சொல்லுது?"

"ஆர்சனிக்னு ஒன்னு கூட இருக்காம்ப்பா."

"அப்படின்னா?"

எனக்கு அதன் தமிழ்ச் சொல் தெரியும். அம்மா இருக்கும்போது சொல்ல வரவில்லை. "மருந்துல கலந்திருக்கிற ஒரு உப்பு மாதிரி" என்றேன்.

அம்மா அடுப்படியிலிருந்து வந்தாள். "பாஷாணமா?"

நான் போனைப் பைக்குள் போட்டேன். அது போதுமாயிருந்தது. அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பாஷாணம் தின்னவன் ரெண்டாந்தரம் சோறு கேப்பானா?" என்றார் அப்பா. "நேத்து கேட்டேன்ல? நீதான போட்ட?" அம்மா சிரிக்கவில்லை. அவரும் கொஞ்சம் கழித்துக் காலை மடக்கிக்கொண்டார்.

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. தோட்டத்துக்காரரைப் போய்க் கேட்க வேண்டும், அந்த மருந்து டப்பாக்களை அவர் முன்னால் வைக்க வேண்டும் என்று உள்ளே கொதித்தது. அப்பாவோடு வேலை செய்கிற ஒருவரிடம் சொல்லி எல்லா டப்பாவின் லேபிளையும் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். மறுநாள் ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் படித்தேன். மருந்துகளின் பெயர்களைத் தனித்தனியாகத் தேடினேன். நரம்புக்குக் கெடுதலானவை இருந்தன, தோலுக்குக் கெடுதலானவை இருந்தன. ஆர்சனிக் உள்ள ஒன்றுகூட இல்லை. ஊற்றுத் தண்ணீரா என்றால், அதே தண்ணீரைக் குடிக்கிறவர்கள் எல்லோரும் நன்றாக நடமாடிக்கொண்டிருந்தார்கள். எங்கிருந்து வருகிறது என்று தெரியாத விஷம் இன்னும் பெரிதாகத் தெரிந்தது. குழாயைத் திறந்தால் தண்ணீரைப் பார்த்தேன், தட்டில் சோறு விழுந்தால் அரிசியைப் பார்த்தேன்.

மதிய இடைவேளைகளில் ஆய்வுக்கூடத்தைப் பூட்டிக்கொண்டு படிக்க ஆரம்பித்தேன். கல்லூரியில் தேர்வுக்காகக்கூட அப்படிப் படித்ததில்லை. நின்றுகொண்டு கொஞ்சம், ஜன்னல் பக்கம் நடந்துபோய்க் கொஞ்சம். புரிந்தது இதுதான். ஆர்சனிக் எல்லாம் ஒன்றில்லை. பாறையிலிருந்து கிணற்றுத் தண்ணீரில் கரைந்து வருவது ஒரு வகை. கார்பன் சேராதது, கனிம வகை. நஞ்சு என்று ஊர் சொல்வது அதைத்தான், அதில் சந்தேகமே இல்லை. கடலிலும் ஆர்சனிக் உண்டு. ஆனால் கடலில் வாழ்கிற உயிர்கள் அதைக் கார்பனோடு கட்டி வேறொன்றாக மாற்றிவிடுகின்றன. மீனிலும் இறாலிலும் நண்டிலும் இருப்பதில் பெரும்பகுதி ஆர்சனோபீட்டைன் என்ற அந்தக் கட்டுத்தான். மனித உடம்புக்கு அந்தக் கட்டை அவிழ்க்கத் தெரியாது. வந்த மாதிரியே சிறுநீரில் அனுப்பிவிடுகிறது, அதுவும் இரண்டு மூன்று நாளில் பெரும்பாலும். அதனால் கெடுதல் வந்ததாக யாரும் கண்டதில்லை.

கோடைக்கானலில் ஆர்கானிக் என்று போர்டு மாட்டினால் கேரட்டுக்கு விலை கூடும். ஆர்கானிக் ஆர்சனிக் என்று படித்தபோது அந்த போர்டுகள்தான் ஞாபகம் வந்தன. இங்கே அந்தச் சொல்லுக்கு நல்லது என்று பொருளில்லை, கார்பன் சேர்ந்தது என்று மட்டும்தான். கார்பன் சேர்ந்தவை அத்தனையும் சாதுவும் இல்லை. கடற்பாசியிலும் சிப்பியிலும் இருக்கிற சில வகைகளை உடம்பு உடைக்கிறது, அவற்றைப் பற்றி இன்னும் முழுதாகத் தெரியாது என்றே எழுதியிருந்தார்கள். அந்த வரியையும் தாண்டிப்போகாமல் இரண்டு முறை படித்தேன்.

எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. அப்பாவுக்கு எடுத்த பரிசோதனை மொத்த ஆர்சனிக்கை எண்ணுகிறது. எந்த வகை என்று பார்ப்பதில்லை. கடல் உணவு சாப்பிட்டுவிட்டு வந்தவரின் முடிவும் விஷம் குடித்தவரின் முடிவும் ஒரே அம்புக்குறியோடு வரலாம்.

படபடவென்று அப்பாவுக்குப் போன் போட்டேன்.

"அப்பா, சாம்பிள் குடுத்தோம்ல, அந்த வாரம் மீன் சாப்ட்டீங்களா?"

"போளூர்லயா? அங்க மேகந்தான் வரும், மீன் எங்க வரும்?"

"நண்டு, எறாலு?"

"ஏலே, என்னைய டூரிஸ்ட்டுன்னு நெனச்சியா?"

அந்தக் கதவும் சாத்தியாயிற்று. மீன் வண்டி போளூர் வரைக்கும் போகாது. தவக்காலம் என்பதால் கறியும் இல்லை. அப்படியானால் அது நிஜமான ஆர்சனிக்தான். மதுரைக்குத்தான் போக வேண்டும். திங்கட்கிழமை வெள்ளனே கிளம்புவது என்று முடிவானது.

குருத்தோலை ஞாயிறு அன்று கோயிலிலிருந்து வந்து, ஓலைச் சிலுவையைக் கதவில் செருகிவிட்டு, அம்மா பை கட்டினாள். ஆஸ்பத்திரியில் எத்தனை நாளோ என்று துண்டு, போர்வை, பிளாஸ்க், தட்டு எல்லாம் வைத்தாள். கடைசியாக ஒரு எவர்சில்வர் டப்பாவைத் துணியில் சுற்றினாள்.

"அது என்னம்மா?"

"பொடி. ஆஸ்பத்திரிச் சோறு ஒங்கப்பாவுக்கு எறங்குமா?"

"என்ன பொடி?"

"எப்பவும் திங்கிற பொடிதான்யா. சென்னாக்குனி."

வாங்கித் திறந்தேன். நகக்கண் அளவுகூட இல்லாத காய்ந்த இறால் குஞ்சுகளை வறுத்து, மலைப்பூண்டும் வரமிளகாயும் புளியும் உப்பும் சேர்த்து அரைப்பது. அந்த வாரம் கரண்டு சரியில்லாமல் மிக்ஸி பாதியில் நின்றிருக்கிறது. பொடி கொரகொரப்பாக இருந்தது. அதற்குள் கடுகைவிடச் சின்னதாகக் கறுப்புப் புள்ளிகள். கண்கள். நான் பிறந்ததிலிருந்து தின்று வருகிற பொடி அது. கண்ணை அன்றுதான் பார்த்தேன்.

"அப்பா போளூருக்கு இதக் கொண்டுபோவாரா?"

"கறி இல்லாத மாசத்துல வேற எதத் தொட்டுக்குவாரு? சாம்பப் புதன்லருந்து வாராவாரம் ஒரு டப்பா அரைச்சுக் குடுக்கேன். காலைல கஞ்சிக்கு, மத்தியானம் சோத்துக்கு, ராத்திரிக்கும் இதுதான்."

"அம்மா, இது எறாலும்மா!"

"எறாலு விக்கிற வெலைக்கு இது எறாலா? பொடிய்யா."

அப்பா உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். "நாளைக்கு உப்பக் காட்டி, இதுவும் கடல்லருந்து வந்ததுதான, மீனாம்பான்."

அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. எங்கள் வீட்டுச் சமையலில் சென்னாக்குனிக்கு மீன் பக்கம் இடமில்லை. ஊறுகாய், அப்பளம், பொடி என்கிற வரிசையில் அது உட்கார்ந்திருந்தது. மாலை போட்டவர் வந்து கேட்டாலும் டாக்டர் வந்து கேட்டாலும் யாருடைய நினைவிலும் அது அசைவமாக வராது. என் நினைவிலும் வரவில்லையே.

திங்கட்கிழமை மதுரைக்குப் போகவில்லை. டப்பாவோடு டாக்டரம்மாவின் முன்னால் போய் நின்றோம். அவர் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தார். "தெனமுமா?"

"மூணு வேளையும்ங்க" என்றார் அப்பா, பெருமையாக.

டாக்டரம்மா டப்பாவை மறுபடி அழுத்தி மூடினார். "நீங்க சொல்றது சரியா இருக்கலாம் தம்பி. இன்னைலருந்து கடல் சாமான் எதுவும் கூடாது. மீன், கருவாடு, பொடி, எதுவும். சனிக்கிழம திரும்ப சாம்பிள் எடுப்போம். வக பிரிச்சுப் பாக்குற டெஸ்ட்டும் எழுதறேன், அது வெளியூர் லேபுக்குப் போகணும். அது வரைக்கும் ஊசிய நிப்பாட்டி வைக்கலாம். ஆனா ஒன்னு. இது பொடியால வந்தது இல்லன்னா, நாம நாளக் கடத்துறோம். தெரிஞ்சுதான சொல்றீங்க?"

அப்பா என்னைப் பார்த்தார். அந்த அறையில் இரண்டு பேரும் என்னைத்தான் பார்த்தார்கள். "தெரிஞ்சுதான் டாக்டர்" என்றேன்.

அந்தப் புனித வாரம் எனக்கு நிலைகொள்ளவில்லை. ஆய்வுக்கூடத்தில் குடுவைகளை அடுக்கி, மறுபடி எடுத்து, வேறு வரிசையில் அடுக்கினேன். ஒவ்வொரு நாளும் சாயங்காலம் பஸ் ஏறி அப்பாவின் காலைப் பார்க்கப் போனேன். "இப்ப எப்படிப்பா இருக்கு?" என்றால், "நீ கேட்டா கூடுது, கேக்காட்டி கொறையுது" என்பார். சாப்பாட்டுக்கு ரசமும் பீன்ஸும். "சிலுவையில ஆண்டவருக்குக் காடியக் குடுத்தாங்க, எனக்கு பீன்ஸக் குடுக்கீங்க" என்று தட்டைத் தள்ளுவார். அம்மா, "இந்த வாரத்துல பேசுற பேச்சா இது?" என்று சிலுவைக்குறி போடுவாள்.

இதற்குள் தெருவில் ஒரு பேச்சு பரவிவிட்டது. மீன்காரர் வந்தபோது அம்மா வேண்டாம் என்றிருக்கிறாள், ஏன் என்று பக்கத்து வீட்டில் கேட்டதற்கு விவரம் சொல்லியிருக்கிறாள். விவரம் இரண்டு வீடு தாண்டுவதற்குள் கருவாட்டில் பாஷாணம் என்று ஆகிவிட்டது. பெரிய வெள்ளிக்கு முந்தின நாள். வருஷத்தில் அவருக்கு இதைவிட நல்ல வியாபாரம் கிடையாது. நான் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, ஐஸ் பெட்டிமேல் சாய்ந்து எனக்காகக் காத்திருந்தார்.

"படிச்ச தம்பி நீங்கதான?"

"ஆமாண்ணே."

"வத்தலக்குண்டுலருந்து இருட்டோட கெளம்பி வர்றேன். ஒருத்தி வாங்க மாட்டேங்குறா. எம் பாறை மீன்ல வெசம்னு சொன்னீங்களாம்?"

"வெசம்னு சொல்லலண்ணே. மீன்ல ஆர்சனிக் இருக்கும். ஆனா அது மீனோட உடம்பு மாத்தி வச்சது. நமக்கு ஒட்டாது, அப்படியே போயிரும்."

"அப்ப வெசம் இல்ல."

"கண்ட வரைக்கும் இல்லண்ணே."

"அதென்ன கண்ட வரைக்கும்னு ஒரு இழுப்பு? பொண்ணு பாக்கவா வந்திருக்க? ஒன்னு ஆமாங்கணும், இல்லாட்டி இல்லங்கணும்."

அவர் விடவில்லை. "இரு, அந்தா நிக்கிறாங்கள்ல, அவங்ககிட்ட நீயே சொல்லு" என்று தண்ணீர்க் குழாயடிக்குத் தள்ளிக்கொண்டு போனார். குடத்தோடு நின்ற பெண்களிடம், மீன் சாப்பிடலாம், அதிலிருக்கிற வகை உடம்பைக் கெடுக்காது, பரிசோதனைக்கு மட்டும்தான் இடைஞ்சல் என்று சொன்னேன். எல்லோரும் கேட்டார்கள். ஒரு அக்கா இடுப்புக் குடத்தை மாற்றிக்கொண்டு, "அப்ப ஒங்கப்பாவுக்கு மட்டும் ஏன்யா நிப்பாட்டுன?" என்றார்.

"டெஸ்ட்டுக்காகத்தான்க்கா."

"டெஸ்ட்டுல நீ சொன்ன மாதிரி வரலன்னா?"

மீன்காரரும் என்னைப் பார்த்தார். மீனில் விஷமில்லை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அப்பாவுக்குள் இருந்தது மீனின் ஆர்சனிக்தானா என்பதில்தான் சந்தேகம். இரண்டும் வேறு வேறு கேள்விகள் என்று குழாயடியில் விளக்க முடியவில்லை. "வரும்க்கா" என்றேன். அந்த அக்கா பாறை வாங்கினார், பேரம் பேசித்தான்.

சனிக்கிழமை சாம்பிள் கொடுத்தோம். ஈஸ்டருக்கு வீட்டில் ஆட்டுக்கறி. பூசை முடிந்து வந்து எல்லோரும் உட்கார்ந்தோம். அப்பா எலும்பை உறிஞ்சிக்கொண்டிருந்தார். எனக்குக் கறி வாயில் சுற்றிக்கொண்டே இருந்தது. ஒரு விஷயத்தை அப்போதுதான் கவனித்தேன். மருந்து டப்பாக்களில் ஆர்சனிக் இல்லை என்று தெரிந்த அன்று எனக்கு நிம்மதி வரவில்லை, ஏமாற்றம்தான் வந்தது. கேள்வி கேட்க ஒரு ஆள் கிடைத்திருப்பான், அப்பாவின் முதுகிலிருந்து அந்தத் தொட்டியை இறக்க ஒரு காரணம் கிடைத்திருக்கும் என்று உள்ளுக்குள் எங்கேயோ காத்திருந்திருக்கிறேன். அதை நினைத்ததும் எழுந்து கை கழுவிவிட்டேன்.

அடுத்த வாரம் நான் பஸ்ஸில் இருக்கும்போது முடிவு வந்தது. பேத்துப்பாறைக்குப் போகிற வழியில் சிக்னல் வந்து வந்து போகிற இடம். வந்த பைல் திறக்காமல் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. வளைவில் ஒரு காட்டுமாடு ரோட்டை மறித்து நின்றது, டிரைவர் என்ஜினை அணைத்துவிட்டார். எல்லோரும் மாட்டைப் பார்த்தார்கள், நான் வட்டத்தைப் பார்த்தேன். மாடு அசையவில்லை. வட்டம் நின்றது.

மொத்த ஆர்சனிக், அளவுக்குள். கனிம வகை, தனி வரியில், அளவுக்கு வெகு கீழே. அம்புக்குறி எங்கேயும் இல்லை. பெயர் அப்பாவுடையதுதானா, தேதி சனிக்கிழமைதானா என்று மறுபடி மறுபடி பார்த்தேன். பக்கத்தில் இருந்தவர், "மாடு போயிருச்சு தம்பி, இன்னும் என்ன பயம்?" என்றார்.

ஊசி இல்லை. மதுரை இல்லை. ஆனால் கால் மரத்தது மரத்தபடிதான் இருந்தது. டாக்டரம்மா அப்பாவைப் படுக்கவைத்து, "ரெண்டு காலும் ஒரே மாதிரியா இருக்கு?" என்று கேட்டார்.

"எடதுதாங்க. மொத நாளே சொன்னேன்ல, எடது காலுன்னு."

சொல்லியிருந்தார். நாங்கள் எல்லோரும் கால் என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தோம். டாக்டரம்மா இடது காலை மடக்காமல் மெல்லத் தூக்கினார். பாதி உயரத்திலேயே அப்பா, "யேசுவே" என்று கத்திவிட்டார். நஞ்சாக இருந்தால் பெரும்பாலும் இரண்டு பாதத்திலும் சமமாகத் தெரியும், இது இடுப்பில் நரம்பு அழுந்துவது, படம் எடுத்துப் பார்ப்போம் என்றார். "எத்தன வருசமா அந்தத் தொட்டியத் தூக்குறீங்க?"

"இவன் பொறக்கறதுக்கு முன்னாடியிருந்துங்க."

"இனி தூக்காதீங்க."

என்னால் இறக்க முடியாத தொட்டியை அவர் ஒரு சொல்லில் இறக்கிவைத்தார். தோட்டத்துக்காரரிடம் போனில் பேசினேன், சண்டை போடுகிற குரலில் ஆரம்பித்து நடுவில் குரலை மாற்ற வேண்டியதாயிற்று. அவர் கேரட் தரம் பிரிக்கிற இடத்தில் உட்கார வரட்டும் என்றார். அப்பாவுக்கு அதில் சம்மதமில்லை. "பொம்பளையாளுக சோலி" என்று ஒரு வாரம் முனகினார். பிறகு, உட்கார்ந்து பார்ப்பதில் தப்பில்லை என்று கிளம்பினார்.

கிளம்புகிற அன்று அம்மா வழக்கம்போலப் பையைக் கட்டினாள். டப்பாவைக் கையில் எடுத்தவள், போடாமல் என்னைப் பார்த்தாள். தவக்காலம் முடிந்துவிட்டது, கறிக்குத் தடையில்லை, ஆனால் போளூரில் கறிக்கும் எங்கே போவது?

"இவனக் கேட்டுத்தான் இனி நான் சோறு திங்கணுமா?" என்றார் அப்பா.

"வைம்மா" என்றேன்.

"பாஷாணம் ஒன்னும் பண்ணாதே?"

"அது பாஷாணம் இல்லம்மா. எறாலு."

"பொடி" என்று திருத்தினாள். அந்த டப்பாவை ஓரமாகத் தள்ளிவிட்டுப் பெரிய டப்பாவை எடுத்தாள். இந்தத் தடவை நன்றாக அரைத்திருந்தாள், கண்கள் தெரியவில்லை. மூடியை அழுத்தி, துணியால் சுற்றி, முடிச்சுப் போட்டாள்.

அப்பா செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு இடது காலை அதற்குள் கவனமாக நுழைத்தார். சரியாக மாட்டியிருக்கிறதா என்று குனிந்து கண்ணால் பார்த்துக்கொண்டார். நிமிர்ந்து என்னிடம் சொன்னார்.

"அடுத்த டெஸ்ட்டு எப்பன்னு முன்னக்கூட்டியே சொல்லிருலே. அதுக்குள்ள டப்பாவக் காலி பண்ணிருவேன்."